பெடல் இருந்தால்தான் மொபெட்

வாசுதேவநல்லூர்

அன்பு மாப்ளைக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஹமாமட்சுவில் யாரோ பழைய ஹோண்டா மங்கியைப் பிரித்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே திரும்பக் கோத்து நிறுத்தியிருக்கிறார். நன்றாக இருக்கிறது. அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். "தாத்தாவின் டி.வி.எஸ். 50-க்கு இவ்வளவு செலவா மாமா? ஓடினால் போதாதா? பெடலை எதற்கு மூன்று மாதம் தேடினீர்கள்?" போனில் சொன்னால் பாதியில் உனக்கு ஆபீஸ் வேலை வந்துவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த மங்கியை எடுத்துக்கொள். 1961-ல் டோக்கியோவுக்குப் பக்கத்தில் டாமா டெக் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் பிள்ளைகள் ஓட்டி விளையாடுவதற்காக ஹோண்டா செய்த வண்டி அது. 49 சி.சி. எஞ்சின், ஐந்து அங்குலச் சக்கரம். பிறகுதான் ரோட்டுக்கு வந்தது. நம்ம ஊரில் 50 சி.சி. வண்டி விளையாட்டுக்கு வந்ததில்லை மாப்ளே. எலுமிச்சை மூட்டை ஏற்ற வந்தது.

டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்துக்குரிய சுந்தரம் ஐயங்கார் 1877-ல் நம்ம நெல்லைச் சீமையில், திருக்குறுங்குடியில் பிறந்தவர். 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கினார். அந்தக் குடும்பத்தின் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி 1962-ல் லாரி, பஸ்ஸுக்கு பிரேக் செய்ய ஆரம்பித்தது. அந்தக் கம்பெனி ஓசூரில் மொபெட்டுக்கென்று ஆலை போட்டு, 1980-ல் டி.வி.எஸ். 50-ஐ வெளியே விட்டது. அதற்கு முன்னால் மொபெட் இல்லாமல் இல்லை. திருப்பதியில் செய்த சுவேகா இருந்தது. 1972-லிருந்து புனேயின் லூனா இருந்தது. ஆனால் இரண்டு பேர் உட்கார்ந்து போவதற்கென்றே இந்தியாவில் செய்த முதல் மொபெட் நம்ம டி.வி.எஸ். 50. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து போகலாம். இந்த ஒன்றுதான் அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது என்று நான் நினைக்கிறேன். நீ இருக்கிற ஹமாமட்சுவின் சுசுகி கம்பெனியோடு அவர்கள் 1982-ல் கைகோத்து, 1984-ல் 100 சி.சி. பைக் விட்டது பிறகு நடந்த கதை. 2001-ல் இரண்டு பேரும் பிரிந்தார்கள்.

இப்போது உன் பெடலுக்கு வருகிறேன். மோட்டாரும் பெடலும் சேர்ந்ததால்தான் அதற்கு மொபெட் என்றே பெயர். உங்க தாத்தா அதுவரை சைக்கிள்தான் மிதித்தார். விடியற்காலையில் இங்கிருந்து புளியங்குடி எலுமிச்சை மண்டிக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும். கேரியரில் ஒரு மூட்டை, ஹேண்டில்பாரில் இரண்டு பை. 1983-ல் இந்த வண்டியை எடுத்தபோது அவருக்கு கியர் தெரியாது, கிளட்ச் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு பெடலை மிதித்தால் எஞ்சின் பிடிக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் கிளட்ச் தானாகச் சேரும். பெட்ரோல் தீர்ந்தால் மிதித்தே வீடு வரலாம். சைக்கிள்காரர் பயமில்லாமல் எஞ்சின் வண்டிக்கு மாறியது அந்த பெடலை நம்பித்தான். பின்னால் வந்த மாடல்களில் கிக்கர் வந்தது, பெடல் போய்விட்டது. இருந்த வண்டிகளிலும் காலில் இடிக்கிறது என்று பலர் கழற்றி எறிந்தார்கள். நம்ம வண்டியிலும் அப்படித்தான் போயிருக்கிறது. பெடல் இல்லாமல் பெயிண்ட் மட்டும் பளபளத்தால் அதை எப்படி டி.வி.எஸ். 50 என்று சொல்வது? கடைசியில் மதுரையில் ஒரு பழைய இரும்புக் கடையில், கிராங்கோடு சேர்த்துக் கிடைத்தது.

எஞ்சின் வேலையைச் சொல்கிறேன், கேள். இருபது வருஷம் தொழுவத்தில் நின்றதில் பிஸ்டன் பிடித்துப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி நாலு நாள் ஊறவிட்டுத்தான் அசைத்தோம். முதலில் கொடுத்த பட்டறையில் போரை அளவுக்கு மேல் போட்டுவிட்டார்கள். பிளாக் வீணாகி, வேறொன்று தேட வேண்டியதாயிற்று. டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றுவோம் இல்லையா, அந்த ஆயில் எரிந்து புகை போகிற வழியெல்லாம் கரி கட்டிவிடும். நம்ம வண்டியில் புகைவாய் பாதிக்கு மேல் அடைபட்டிருந்தது. புளியங்குடி மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. மூங்கில் குச்சியைச் சீவி, அதனால்தான் சுரண்டினார். இரும்பு பட்டால் பிஸ்டனில் கீறல் விழும், கீறலில் மறுபடி கரி பிடிக்கும் என்றார். அரை நாள் அதற்கே போயிற்று. பாயிண்ட்டைத் தேய்த்து கேப் வைத்து, கிராங்க் ஆயில் சீல் இரண்டையும் புதிதாகப் போட்டோம். சீல் வழியாகக் காற்று இழுத்தால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நின்று ஓடாது.

டேங்க் உள்ளே ஒரே துரு. கடையில் விற்கிற திரவத்தை வாங்க நான் விடவில்லை. மண்டியில் அடிபட்டு விலை போகாத எலுமிச்சையைக் கூடை கணக்கில் வாங்கிப் பிழிந்து, வடிகட்டி, டேங்க் நிறைய ஊற்றி இரண்டு நாள் வைத்தோம். கூடவே ஒரு பிடி நட்டும் போல்ட்டும் போட்டுக் குலுக்கினோம். சாறு கறுப்பாக வெளியே வந்தது. அப்புறம் சோடா மாவுத் தண்ணீரில் அலசி உடனே வெயிலில் காயவைத்தோம். உள்ளே டார்ச் அடித்தால் இன்றைக்கு வெறும் தகடு தெரிகிறது.

நிறம் உனக்கு நினைவிருக்காது. நீ பார்த்தது பச்சை. அதற்குக் கீழே ஒரு நீலம், அதற்கும் கீழே கறுப்பு. ஒவ்வொன்றும் உங்க தாத்தா ஒரு பொங்கலுக்கு அடித்தது. டேங்கில் பேட்ஜைக் கழற்றியபோது அதற்கடியில் கட்டைவிரல் அகலத்துக்கு வெயிலே படாத சிவப்பு இருந்தது. அந்தத் தகட்டைப் பெயிண்ட் கடைக்கு எடுத்துப்போய், அதைப் பார்த்துத்தான் நிறம் கலந்தோம்.

ஒன்றில் மட்டும் எனக்கு மனசு தடுமாறியது. மூட்டைக்காகத் தாத்தா பின்னால் வெல்டிங் வைத்த இரும்புக் கேரியர். கம்பெனி கொடுத்ததில்லை அது. ஆனால் நம்ம வீட்டுக் கடனை அடைத்தது அந்தக் கேரியர். இரண்டு ராத்திரி யோசித்தேன். வண்டி ஓசூரிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும் என்று வேலையைத் தொடங்கிய பிறகு, நமக்குப் பிடித்ததற்கு மட்டும் விலக்கு கொடுக்கக் கூடாது. கழற்றிவிட்டேன். துரு எடுத்து, எண்ணெய் தடவி, பரணில் வைத்திருக்கிறேன். ஆச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நீ சொல்வது போல அந்தக் காசுக்குக் கொஞ்சம் சேர்த்தால் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 வாங்கலாம்தான். 2015-ல் வந்த வண்டி, ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் கலக்க வேண்டாம், புகை குறைவு. வயலுக்குப் போக நான் வைத்திருப்பதும் அதுதான். வேலைக்கு அது, சரி. ஆனால் சைக்கிளிலிருந்து நம்ம வீடு எப்படி எஞ்சினுக்கு ஏறியது என்பதை அந்த வண்டி காட்டாது.

ஒரு வேலை உனக்காகக் காத்திருக்கிறது. ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. நம்மது 1983 வண்டி. 2033-ல்தான் அதற்குத் தகுதி வரும். அதுவரை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பங்கில் இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல், அது தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரைத் தின்னும். ஓட்டாத நாளில் டேங்கை வடித்தே வைக்க வேண்டும். எனக்கு வயது அறுபத்தெட்டு. ஆர்.சி. இப்போது என் பெயரில் இருக்கிறது. தைக்கு வரும்போது ஆதாரையும் இரண்டு போட்டோவையும் எடுத்து வா, உன் பெயருக்கு மாற்றிவிடலாம்.

அன்புடன்,
மாமா