வைட்வாட்டர் உப்பங்கழி

இங்கிலாந்தின் தென்கரையிலே, ஸஸெக்ஸ் பிரதேசத்து லான்ஸிங் ஊரருகே, கூழாங்கல் மேடொன்று கடலை மறித்து நிற்கிறது. அதற்கு இப்பால் நீண்டு கிடக்கும் வைட்வாட்டர் உப்பங்கழிக்கு ஒரு பிற்பகல் சென்றோம். அன்னங்களைக் காணவே பலரும் வருகின்றனர். நாமோ சேற்றைக் காணச் சென்றவர்கள்! கல்லிடுக்குகளின் வழியே கடல்நீர் கசியும் அக்கழியின் மென்சேற்றில் உடலைப் புதைத்து, கண்ணாடிபோல் தெளிந்த 12 நுண்ணிய கைகளை மட்டும் வெளியே விரித்து வாழ்ந்தது, ஐவெல் கடற்சாமந்தி. புழுப்போன்ற அவ்வுடலின் நீளம் 2 சென்டிமீட்டரே. 1975-ல் அதற்கு விஞ்ஞானிகள் பெயரிட்டனர். உலகில் வேறெங்கும் அது அகப்படவில்லை. 1983-க்குப் பின் இங்கும் கண்டவரில்லை. பன்முறை தேடியும் பயனில்லை. பெயர் பெற்று எட்டே ஆண்டுகள்! மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நெடுநேரம் நோக்கினோம். சிறு இறால் ஒன்று சேற்றைக் கலக்கி மறைந்தது.