மண் இல்லாத கொல்லை

சுங்கைப்பட்டாணியிலிருந்து வடக்கே காரை விட்டால் கால் மணி நேரத்தில் பீடோங். இடப்பக்கம் ஜெராய் மலை கூடவே வரும். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பீடோங் தாண்டி ஒரு மண் பாதையில் திரும்பச் சொன்னார் அம்மா. அவர் பால்மரம் வெட்டிய தோட்டம் அது. மரமும் இல்லை, லயமும் இல்லை, கண்ணுக்கெட்டியவரை செம்பனை. ஒரே ஒரு முருங்கை மட்டும் தப்பி நின்றது. "இதான் நம்ம கொல்லை" என்றார்.

அந்தக் கொல்லையில்தான் எங்கள் குழம்பு விளைந்தது. வெண்டை, கத்தரி, மரவள்ளி, கறிவேப்பிலை எதற்கும் கடைக்குப் போனதில்லை. ஆனால் வீடும் மண்ணும் தோட்டத்துடையவை. வேலை முடிந்ததும் இரண்டையும் விட்டு வந்தோம். கெடாவில் இப்படிப் பட்டணம் வந்த குடும்பங்கள் ஏராளம். இப்போது சுங்கைப்பட்டாணியில் சொந்தமாக ஒரு தரை வீடு இருக்கிறது. பின்பக்கம் முழுக்கச் சிமெண்டு. முதல் வருடம் அம்மா அந்தப் பின்கதவைத் திறக்கவே இல்லை.

கூலிமில் என்னுடன் வேலை செய்யும் நண்பர்தான் ஹைட்ரோபோனிக் முறையைச் சொன்னார். "மண்ணே இல்லாம தண்ணியில செடியா?" என்று அம்மா சிரித்தார். மூடா, பெடு அணைகளின் நீரில் இருபோகம் விளையும் நாட்டின் நெற்களஞ்சியம் நம் கெடா. ஆனால் நெல்லுக்குச் சேறாவது உண்டு. இதில் அதுவும் இல்லை.

தொடங்க அதிகம் வேண்டாம். பழக்கடையில் கிடைத்த ஸ்டைரோஃபோம் பெட்டிக்குள் கறுப்பு பிளாஸ்டிக்கை விரித்தோம். மூடியில் ஆறு துளைகள், துளைக்கு ஒரு வலைக்கிண்ணம். ஈரப் பஞ்சில் முளைத்த கங்கோங், சாவிக் கீரை நாற்றுகளை அதில் வைத்தோம். மோட்டாரும் மின்சாரமும் வேண்டாத இந்த முறையைப் பரப்பியவர் ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி. அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள்.

உரம் 'ஏ', 'பி' என இரண்டு புட்டிகளில் வரும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ஒன்றிலுள்ள கால்சியம் மற்றதிலுள்ள சல்பேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாக அடியில் தங்கிவிடும், செடிக்குக் கிடைக்காது. பெட்டித் தண்ணீரில் முதலில் 'ஏ' ஊற்றி, நன்றாகக் கலக்கிய பிறகே 'பி'. அளவு புட்டியிலேயே இருக்கும்.

அளக்கும் வேலையை அம்மா பிடுங்கிக்கொண்டார். தோட்டத்து ஆலையில் ரப்பர் பாலை உறைய வைக்க அமிலம் அளந்து ஊற்றிய கை அது. "கூடினாலும் கெட்டுது, குறைஞ்சாலும் கெட்டுது" என்றபடி சொட்டுச் சொட்டாக விட்டார்.

தவறு செய்தது நான்தான். பத்தாம் நாள், தண்ணீர் இறங்கியிருப்பதைப் பார்த்து விளிம்புவரை நிரப்பிவிட்டேன். கங்கோங் தாங்கியது, சாவி துவண்டது. அம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தார். "வேரு மூச்சு முட்டுதுடா. தோட்டத்துல எதுக்குக் கான் வெட்டி வச்சாங்கன்னு நெனச்ச?"

அதேதான். நீர் இறங்க இறங்க, மூடிக்குக் கீழே வெளிப்படும் வேர்கள்தான் காற்றை வாங்குகின்றன. பிறகு நிரப்ப நேர்ந்தால் பாதிக்கு மேல் போகக் கூடாது. இன்னும் மூன்றைக் கவனியுங்கள்: தினமும் ஐந்தாறு மணி நேரமாவது வெயில் வேண்டும். மழை நீர் புகுந்தால் உரம் நீர்த்துப்போகும், மேலே கூரை வேண்டும். மூடியில் இடைவெளி விட்டால் ஏடிஸ் கொசு முட்டையிடும். காலித் துளையைக்கூட அடைத்துவிடுங்கள்.

நான்காவது வாரம் கங்கோங்கை அறுத்தோம். முதல் பிடியை அம்மா பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவுக்குக் கொடுத்தார். அன்று மாலையே அது பெலாச்சான் வாசத்தோடு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. இப்போது பெட்டிகள் நான்கு. பின்கதவு காலை ஆறரைக்கே திறந்துவிடுகிறது.

எல்லாமே பெட்டியில் வளராது என்பதும் உண்மை. அன்று பீடோங்கிலிருந்து கிளம்பும்போது அம்மா கையில் முழ நீள முருங்கைக் கிளை ஒன்று இருந்தது.

"இது தண்ணியில வராதும்மா."

"எனக்குத் தெரியாதா? வழியில ஒரு மூட்டை மண்ணு வாங்கிக்க."