மறுகாலுக்குப் பலகை போடலாமா?

ஆவணி மாசத்து ராத்திரி ஒன்றில், கோவில்பட்டி பக்கத்துக் கரிசல் கிராமத்து வீடு ஒன்றில் விதை உளுந்து நனைந்துபோனது. ஏக்கருக்கு 8 கிலோ வீதம் நாலு ஏக்கருக்கு எடுத்து வைத்திருந்த 32 கிலோ. புரட்டாசி விதைப்புக்குக் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்தது. நனைத்தது மழையில்லை. அந்த வருஷம் அதுவரை ஒரு தூறல்கூட விழவில்லை. நனைத்தது நடுவீட்டில் இருந்த கண்ணாடி மீன் தொட்டி.

மானாவாரி விவசாயி வீட்டில் கண்ணாடித் தொட்டி எதற்கு என்று கேட்கலாம். மருமகள்தான் மோலி மீன் வளர்க்கிறாள். கரிசல்காட்டுக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகாத உவர்ப்பு. ஆனால் மோலிக்கு அது பிடிக்கும். கப்பியும் தாங்கும். குட்டி போடுகிற மீன்கள் என்பதால் முட்டை பொரிக்க வைக்கிற வேலை கிடையாது. டவுனில் வண்ணமீன் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார். பெரிய வருமானம் இல்லை. ஆனாலும் உளுந்தும் கம்பும் கைவிடுகிற வருஷத்தில் பால் கணக்கை அது அடைத்துவிடும்.

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். டவுனில் வீடு மாறிப் போனவர்களிடம் பழசாக வாங்கியது. ஒரு மூலையில் அரையடிக்கு அரையடி கண்ணாடித் தடுப்பு. தொட்டித் தண்ணீர் அந்தத் தடுப்பின் மேல் வழிந்து அறைக்குள் விழும். அறையின் அடியில் நிற்கிற பிவிசி குழாய் வழியாகக் கீழே இருக்கும் 60 லிட்டர் டப்புக்குப் போகும். அங்கே கூழாங்கல்லிலும் பஞ்சிலும் வடிந்ததைச் சின்ன பம்பு திரும்ப மேலே ஏற்றும்.

முதலில் வந்த தொல்லை சத்தம். 'மடக் மடக்'கென்று ராத்திரி பூராவும் யாரோ சொம்பில் தண்ணீர் குடிக்கிற மாதிரி. மாமனார் படுக்கிற கட்டில் அந்தச் சுவரோரம்தான். எழுபது வயசுக்கு மேலே தூக்கம் ஏற்கெனவே கோழித் தூக்கம். "தாயி, வீட்டுக்குள்ள என்னமோ மூச்சு முட்டுற மாதிரி கெடக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். குழாய் முழுக்கத் தண்ணீர் போனால் சத்தமே வராது. பாதி தண்ணீரும் பாதி காற்றுமாகப் போகும்போதுதான், காற்று சிக்கிச் சிக்கி வெடித்து இரைச்சல் வருகிறது. வாய்க்கு மேலே சுழி விழுந்தால் அதுவும் காற்றை உறிஞ்சும்.

மகன் சாயங்காலம் வேலை விட்டு வந்து ஒரு வழி செய்தான். இரண்டாவதாக ஒரு குழாய் நிறுத்தி, இரண்டுக்கும் பால் வால்வு மாட்டினான். முதல் குழாயின் வாயைத் தண்ணீருக்கு அடியில் முழுக வைத்து, வால்வைக் கொஞ்சம் மூடினான். குழாய் நிரம்பி ஓடியது, சத்தம் நின்றது. இரண்டாவது குழாயில் லேசாக வந்த சலசலப்பும் பிடிக்காமல் அதன் வால்வையும் ஏறக்குறைய அடைத்துவிட்டான். வீடே அமைதியாகிவிட்டது. மூன்று வாரம் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள்.

பிறகு ஒரு ராத்திரி, முதல் குழாய் வாயில் பாசி அடைத்தது. இரண்டாவதில் வழியில்லை. பம்பு பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி விளிம்பைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு குடம் தண்ணீர் தரையில். டப்பு வற்றி, பம்பு சும்மா ஓடிக் கருகிப்போனது. காலையில் பார்க்கையில் சாக்கின் அடியில் உளுந்து ஊதிக் கிடந்தது. கொஞ்சம் மேலே நனையாதது போலத் தெரிந்ததையும் ஈரத்துணியில் நூறு விதை வைத்துப் பார்த்தார்கள். முளைத்தது பாதிகூட இல்லை. விதையை விலைக்கு வாங்கத்தான் வேண்டியிருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, அதுதான் மகனுக்குப் பொறுக்க முடியவில்லை.

அய்யா ஒரு காலத்தில் ஊர்க் கண்மாயில் நீர்பாய்ச்சியாக இருந்தவர். மடை திறக்கவும் அடைக்கவும், மழை ராத்திரியில் கரையில் அரிக்கேன் விளக்கோடு நடக்கவும் அவர்தான். கண்ணாடித் தொட்டியை அவர் அதுவரை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். தடுப்புக் கண்ணாடியைத் தொட்டு, "இது கலுங்கு" என்றார். வால்வு வைத்த குழாயைக் காட்டி, "இது மடை." இரண்டாவதைக் காட்டி, "அப்ப இது மறுகால். மறுகாலுக்குப் போயி அடைப்பு வச்சிருக்கியேப்பா. ஐப்பசி கார்த்திகையில மறுகாலுக்குப் பலகைய வச்சிட்டு எவனாவது வீட்ல போயி படுப்பானா?"

"சத்தம் வருதுன்னுதான்யா வச்சேன்."

"மறுகால்னா சத்தம் வரத்தான் செய்யும். அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்க முழிச்சிக் கெடந்தோம்."

பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் குமிழித் தூம்பு என்று கல்லால் கட்டி வைத்தார்கள். உள்ளே நிற்கிற கல் தொட்டியில் மேலே ஒரு துளை, அடியில் ஒரு துளை. மேல் துளையில் பாசனத் தண்ணீர், அடித் துளையில் சேறு. பெயரே நீரோடித் துளை, சேறோடித் துளை. எந்த வேலைக்கு எந்த வழி என்று பிரித்துவைத்த புத்தி அது. மகனும் அப்படிப் பிரித்தான்.

மூன்றாவதாக ஒரு ஓட்டை வேண்டும். கண்ணாடிக் கடைக்காரர் முதலில் ஒன்றைக் கேட்டார்: அடிக் கண்ணாடி பதப்படுத்தியதா, சாதாவா? பதப்படுத்திய கண்ணாடியில் துளை போட்டால் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். நல்லவேளை, சாதா. தண்ணீர் சொட்டவிட்டு வைர பிட்டால் மெதுவாகத் துளைத்து, சின்டெக்ஸ் தொட்டிக்குப் போடுகிற டேங்க் நிப்பிளையே மாட்டினார்.

இப்போது முதல் குழாய்க்கு மட்டும்தான் வால்வு. அதுவும் கேட் வால்வு. பால் வால்வு கொஞ்சம் அசைந்தாலே நிறைய மாறிவிடும், நுணுக்கமாக வைக்க முடியாது. வால்வை முழுக்கத் திறந்து பம்பைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வர வேண்டும். மூலை அறையில் தண்ணீர் ஏறி, இரண்டாவது குழாயின் வாயைத் தொட்டு, நூல் போலச் சுவரை ஒட்டி வழியும். அங்கே நிறுத்திவிடலாம். அந்த நூலுக்குச் சத்தம் கிடையாது. மூன்றாவது குழாய் இன்னும் அரை இஞ்சு உயரத்தில் வாய் திறந்து காய்ந்து நிற்கிறது. வால்வும் இல்லை, வலையும் இல்லை. முதல் குழாயின் கீழ் முனை டப்புத் தண்ணீருக்குள் ஒரு இஞ்சுதான் முழுகியிருக்கிறது. அதற்கு மேல் ஆழமாக வைத்தால், பம்பு போட்டதும் உள்ளே இருக்கிற காற்று வெளியேறத் திணறும்.

கரண்டு போனால் என்ன ஆகும் என்பதையும் மருமகள் கணக்குப் போட்டாள். இந்த அளவுத் தொட்டியில் ஒரு இஞ்சு தண்ணீர் என்பது பத்தரை லிட்டர். அதுவும் மூலை அறையில் இருப்பதும் சேர்ந்து 16 லிட்டர் கீழே இறங்கும். அதனால் ஓடும்போது டப்பில் 40 லிட்டருக்கு மேல் வைப்பதில்லை. ஏற்றுகிற குழாயின் வாய் ஆழத்தில் இருந்தால் அது வழியாகவும் தண்ணீர் திரும்பும். அதை மேல்மட்டத்துக்குக் கொண்டுவந்தாள். புது பம்பை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வைத்தாள். அடியில் கிடக்கிற 25 லிட்டரை அதனால் எடுக்க முடியாது. மூன்று குழாயுமே அடைத்துக்கொண்டாலும் மீதி 15 லிட்டர்தான் மேலே போகும்; விளிம்புக்குக் கீழே ஒன்றரை இஞ்சு இடம் இருக்கிறது, அது கொள்ளும். பம்பு கருகினாலும் தரை நனையாது. வாரம் ஒருநாள் குழாய் வாயில் பாசி பார்ப்பது பேத்தியின் வேலை.

விலைக்கு வாங்கிய உளுந்தைப் புரட்டாசிக் கடைசியில் விதைத்தார்கள். விதைச் சாக்கு இப்போது மச்சில் இருக்கிறது.

அய்யா கட்டிலை மட்டும் நகர்த்தவில்லை. வேறு இடத்தில் போடவா என்று மகன் கேட்டதற்கு வேண்டாம் என்றார். ராத்திரி கரண்டு போய் வந்தால் ஒரு நிமிஷம் குழாய் 'கடகட'வென்று காற்றைத் தள்ளும். அதுவரை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பார். அடங்கியதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.