கரண்ட் எப்ப வரும்?

சித்தப்பாவின் மகன் மின்சார லைன் வேலைக்கு உதவியாளாகச் சேர்ந்து ஆறு மாசம். இன்னும் போஸ்டில் ஏறவில்லை. குழி வெட்டுறது, கம்பியில் முட்டுற கொப்புகளைத் தறிக்கிறது, மேலே நிற்பவருக்குக் கயிற்றில் சாமான் கட்டி அனுப்புறது, இதுதான் அவனுக்கு வேலை. "முதல்ல பார்த்துப் பழகு" எண்டு சொல்லியிருக்கினமாம்.

அவன் பார்த்துப் பழகுவது ஒரு ஒழுங்கை. லைனை நிப்பாட்ட வேணும். கரண்ட் இல்லையா எண்டு கருவியால் சோதிக்க வேணும். பிறகு வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் பண்ண வேணும். நிப்பாட்டின லைனுக்கு ஏன் எர்த் எண்டு கேட்டன்.

"உங்கட வீடுகளில இருக்கிற ஜெனரேட்டருக்குப் பயந்துதான் அக்கா."

சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் கொழுவினால், அந்த 230 வோல்ட் வெளி லைனுக்கும் போகும். 11,000 வோல்ட்டைக் குறைத்து எங்களுக்குத் தருகிற அதே ட்ரான்ஸ்போமர், திரும்பி வருவதை 11,000க்கு உயர்த்திவிடும். செத்த லைன் எண்டு நம்பித் தொடுகிறவர் என்ன ஆவார்?

மழை இரவில் கரண்ட் போனால் போன் எடுத்து ஏசுகிறோம். ஏசுவதற்கு முதல், எங்கட ஜெனரேட்டர் எப்படிக் கொழுவியிருக்கு எண்டு ஒருக்காப் பார்ப்போம். போஸ்டில் நிற்பவரின் உயிர் எங்கட வீட்டுச் சுவரிலும் தொங்குது.