சாமக்காரனும் புயற்கூண்டும்

கணிப்பொறிகள் நலமுடன் இயங்குகின்றனவா என்று இரவும் பகலும் நோக்கி அறிவிக்கும் மென்பொருள்களுள் புரொமீதியஸ் என்பது ஒன்று. அது 2012-ஆம் ஆண்டில் சவுண்ட்கிளவுட் என்னும் நிறுவனத்தில் தொடங்கப்பெற்றது. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்து கிடப்பதாகலின் எவரும் எடுத்தாளலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். தொல்காப்பியமும் நன்னூலும் கையிற்கொண்டு திரியும் எனக்கும் இதற்கும் யாது தொடர்பு என்று இவ்விதழைப் படிக்கும் அன்பர்கள் வினவுவாராயின், அஃது என் தமையனார் வழியே வந்தது என்க.

காரைக்காலில் தமிழ்வழியே பள்ளிக்கல்வியும் பின்னர்ப் பட்டயப்படிப்பும் முடித்த அவர், சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் சர்வர்களை இரவில் காக்கும் பணியேற்றார். ஆறு திங்களுக்குள் இம்மென்பொருளைக் கற்றுத் தேர்ந்தாலன்றிப் பணி நிலைக்காது. கற்பிப்பார் எவருமிலர். விடுமுறையில் ஊர் வந்தவர் என்னை நோக்கி, "தம்பி, ஆங்கிலம் படித்தால் எனக்கு விளங்கும், நடுச்சாமத்தில் கைப்பேசி அலறும்போது மட்டும் ஆங்கிலத்தில் எண்ண வரவில்லை" என்றார். அவர் ஊதியத்தை நம்பி எங்கள் இல்லத்தில் எடுத்த முடிவுகள் சிலவுள. என் படிப்பும் அவற்றுள் ஒன்று.

கட்டற்ற மென்பொருள்களைத் தமிழில் விளக்கும் முயற்சி புதிதன்று. கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் அப்பணியை மேற்கொண்டுள்ளது, து. நித்யா அவர்களின் 'எளிய தமிழில்' வரிசை நூல்களைத் தமையனார் முன்னரே பயின்றிருந்தார். ஆயினும் தம் இரவுப்பணிக்கு நேரே உதவும் தொடக்கநூல் ஒன்று அவர்க்கு வேண்டியிருந்தது. ஆகவே மூவர் கூடினோம்: தமையனார், திருவேட்டக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்திற் கணினியியல் பயிலும் அயல்வீட்டு நண்பர், யான். பொருளறிந்தவர் நண்பர், தேவையறிந்தவர் தமையனார், இரண்டும் அறியாதவன் யான். அவ்வறியாமையே என் தகுதியாயிற்று. எனக்கு விளங்காத வாக்கியம் எதுவும் நூலில் ஏறலாகாது. தமையனார் செய்துபார்த்து வாராத செயல்முறை எதுவும் நிற்கலாகாது. இவையே எங்கள் விதிகள்.

எழுதியவற்றைக் 'கிட்' என்னும் கருவியில் இட்டு வைத்தோம். ஒரு சொல்லை மாற்றினும், மாற்றியவர் பெயரும் நாளும் பழைய பாடமும் அழியாது நிற்கும். ஏட்டுப்பிரதிகளிற் பாடபேதம் ஒப்புநோக்கி வருந்திய உ. வே. சாமிநாதையர் இதனைக் கண்டிருப்பின் யாது சொல்லியிருப்பாரோ!

முதற்பூசல் பெயரில் எழுந்தது. மானிட்டரிங் என்பதற்குக் கண்காணிப்பு என்பதே வழங்குஞ் சொல். ஆனால் எங்கள் கரையோர்க்கு அச்சொல் கூலியாட்களை விரட்டிய கங்காணியையும் நினைவூட்டும். 19-ஆம் நூற்றாண்டில் ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய துறைகளுள் காரைக்காலும் ஒன்றன்றோ! தமிழ் விவிலியம் படித்து வளர்ந்தவனாகலின், யான் சாமக்காரன் என்னுஞ் சொல்லை முன்வைத்தேன். தமையனார் நகைத்தார், நண்பரோ அது மிகப் பொருந்தும் என்றார். ஏனெனில் புரொமீதியஸ், கணிப்பொறிகள் தாமே வந்து முறையிடட்டும் என்று காத்திராது. பதினைந்து விநாடிக்கொருமுறை என்று நாம் விதித்தால், அவ்வாறே ஒவ்வொன்றின் வாயிலுக்கும் தானே சென்று அளவைகளைக் கேட்டு, நேரத்தோடு குறித்துக்கொள்ளும். கதவு தட்டிச் செல்லும் சாமக்காரன் தொழில் அதுவே. முடிவில் தலைப்பிற் கண்காணிப்பும் விளக்கத்திற் சாமக்காரனும் இடம்பெற்றன.

எச்சரிக்கை பற்றிய இயலுக்குத் துறைமுகம் துணைநின்றது. வங்கக்கடலிற் புயற்சின்னம் தோன்றினாற் காரைக்கால் துறைமுகத்திற் கூண்டு ஏற்றுவர். 1-ஆம் எண் தொலைவிலுள்ளதைக் குறிப்பது. எண் ஏற ஏற இடர் மிகும். பத்திற்கும் மேலாக 11-ஆம் எண் ஒன்றுளது. அது காற்றின் வேகத்தைக் குறிப்பதன்று. வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போயிற்று என்பது அதன் பொருள். நண்பர் இதனைச் சொன்னதும் தமையனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாமக்காரன் தட்டியும் திறவாத கதவு அதுவேயாம். கணிப்பொறி மறுமொழி தாராவிடின் 'அப்' என்னும் அளவை 1 என்பதினின்று 0 ஆகும். மற்றவை சிறு கூண்டுகள். இஃது ஒன்றே பதினோராவது. எட்டாம் பாடமாயிருந்த இதனை முதற்பாடமாக்கினோம்.

வீண் எச்சரிக்கையும் கொடிதே. லினக்ஸ், வேலையற்ற நினைவகத்தை வாளா விடாது, கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும். தேவை வரின் விடுவிக்கும். ஆதலின் வெறுமையாயுள்ள நினைவகம் சிறுத்துக் காணப்படுதல் நோயன்று. பயன்படக் கிடைப்பது எவ்வளவு என்னும் எண்ணையே நோக்கல் வேண்டும். முன்னதைக் கொண்டு எவரோ அமைத்துவைத்த விதியொன்று தமையனாரைப் பல இரவுகள் எழுப்பியுளது. ஒரு நிலை ஐந்து நிமிடம் நீடித்தாலன்றி அறிவியாதே என்று கட்டளையிடவும் வழியுண்டு. இவ்விரண்டையும் அறிந்தபின் அவர் உறக்கம் சிறிது சீர்ப்பட்டது.

அளக்கும் புரொமீதியஸ் வேறு. செய்தியை உரியவர்க்குச் சேர்க்கும் அலர்ட்மேனேஜர் வேறு. இவ்வேறுபாட்டிற்கு நண்பர் எழுதிய பத்தி சிறியது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தைக் கருவிகள் பதிந்தன. அலை எங்கள் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அச்செய்தியைக் கரைக்குச் சேர்க்கும் ஏற்பாடு இந்தியப் பெருங்கடலில் அன்று இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது 2007-இல். தமையனார் இப்பத்தியைப் படித்து ஒன்றுங் கூறவில்லை. ஒரு சொல்லையும் மாற்றவுமில்லை.

அவர் தவணை முடிய இன்னும் இரண்டு திங்கள் உள. நூல் நாற்பது பக்கம் வளர்ந்துளது. வட்டு என்று நிரம்பும் என முன்கூட்டிக் கணிக்கும் இயலை நண்பர் மும்முறை திருத்தி எழுதிவிட்டார். எனக்கு அஃது இன்னும் விளங்கவில்லை; ஆகவே விதிப்படி வெளியே நிற்கின்றது.