இத்தாலிக்குப் போகாத விடுமுறை



பள்ளி விடுமுறை முடிந்து மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டோம். விடுமுறை முடிந்த முதல் நாளில் என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் கட்டுரைத் தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘விடுமுறையில் நான் சென்ற இடம்’. ஒவ்வொரு முறையும் மாணவர்கள் எழுதுவார்கள், நான் திருத்துவேன். இம்முறை நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் மகன் படிவம் 2இல் பயில்கிறான். அவன் அறைச் சுவரில் வெனிஸ் நகரின் படம் ஒன்று தொங்குகிறது. ரோம் நகரில் ஒரு மகிழுந்தை வாடகைக்கு எடுத்து, புளோரன்ஸ், பைசா வழியாக வெனிஸ் வரை போகலாம் என்று அவனே ஒரு பயணத் திட்டம் தீட்டியிருந்தான். ஐந்து பேருக்கான விமானக் கட்டணத்தையும் கூட்டிப் போட்டிருந்தான். என் கணவர் அந்தத் தொகையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தாளை நான்காக மடித்து மேசைமேல் வைத்துவிட்டார்.

“நம் மலாக்காவைக் கிழக்கின் வெனிஸ் என்பார்களே, அதைச் சுற்றிப் பார்ப்போமே!” என்று நான் சமாதானம் சொன்னேன்.

“ஆற்றில் படகு ஓடினால் எல்லாம் வெனிஸ் ஆகிவிடுமா, அம்மா?” என்றான் அவன்.

அப்போதுதான் என் தாயார் வாய் திறந்தார். எண்பதைத் தாண்டியவர், எங்களோடு இருக்கிறார். “இத்தாலிக்குப் போறப்ப போங்கப்பா. அதுக்கு முன்னாடி என்னைய ஒருதரம் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஜாசின் மாவட்டத்தில் அவர் பிறந்து, பால்வெட்டி, என்னையும் பெற்றெடுத்த அந்தத் தோட்டம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்திற்கும் குறைவான தொலைவில்தான் இருக்கிறது. எனக்கு ஏழு வயதாகும்போது நகரத்திற்குக் குடிபெயர்ந்தோம். அதன்பின் ஒருமுறைகூட நாங்கள் அவரை அங்கு அழைத்துச் சென்றதில்லை. ஆகவே, மூன்று நாளும் மலாக்கா மாநிலத்திற்குள்ளேயே சுற்றுவது, இரவில் வீடு திரும்பிவிடுவது என்று முடிவாயிற்று.

முதல் நாள் நகரம். 2008ஆம் ஆண்டில் ஜார்ஜ்டவுனோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த நம் நகரத்தை, உள்ளூர்க்காரர்களாகிய நாம் பெரும்பாலும் மகிழுந்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறோம். அன்று நடந்தே பார்த்தோம். போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைக் கைப்பற்றியபின் எழுப்பிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு வாயில் மட்டுமே. அதன் மேலே 1670 என்று ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதை என் மகன் கண்டுபிடித்தான். போர்த்துகீசியர் கட்டிய கோட்டையில் டச்சுக்காரர்களின் ஆண்டு எப்படி வந்தது என்பது அவன் கேள்வி. 1641இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர்கள் கோட்டையைப் புதுப்பித்துத் தங்கள் முத்திரையைப் பதித்தார்கள். பின்னர் வந்த ஆங்கிலேயர்கள் அதை இடித்தார்கள். ராபிள்ஸ் தலையிட்டதால் இந்த வாயில் தப்பியது. இதை நான் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனால், ஒரு மாணவன் கல்லைத் தொட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டது அன்றுதான்.

வெனிஸ் பற்றியும் அவனுக்கு ஒரு செய்தி வைத்திருந்தேன். போர்த்துகீசியர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் மலாக்காவில் இருந்த தோமே பிரெஸ் என்பவர், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்தார். மலாக்கா யார் கையில் இருக்கிறதோ அவரிடமே வெனிஸ் நகரின் செல்வமும் சிக்கியிருக்கிறது என்ற கருத்தையும் அவர் குறித்திருக்கிறார். மொலுக்கா தீவுகளின் கிராம்பும் பண்டாவின் சாதிக்காயும் மலாக்காவுக்கு வந்து, குஜராத்தியர், தமிழர் முதலிய வணிகர்களின் கப்பல்களில் இந்தியக் கரைக்குப் போய், செங்கடல் வழியாக எகிப்தை அடைந்து, அங்கிருந்து வெனிஸ் வணிகர்களின் கைக்குப் போயின. “அப்படியென்றால் என் படத்தில் இருக்கும் மாளிகைகளில் நம் ஊர்க் காசும் இருக்கிறது!” என்றான் மகன். அதன்பின் அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது.

பிற்பகலில் பொற்கொல்லர் தெருவுக்குச் சென்றோம். 1781இல் கட்டப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அங்கே இருக்கிறது. டச்சுக்காரர்கள் அந்நிலத்தை மலாக்கா செட்டிகளின் தலைவராக இருந்த தெய்வநாயகம் செட்டியிடம் வழங்கினார்கள். சில அடி தூரத்தில் பள்ளிவாசல். அதைத் தாண்டினால் சீனர் கோயில். மாலையில் காஜா பெராங்கில் உள்ள செட்டிக் கிராமத்திற்குப் போனோம். சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து நிலைத்துவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். வீட்டு மொழி மலாய், உடை கெபாயாவும் சாரோங்கும், வழிபடுவதோ மாரியம்மனை. கோயில் வாசலில் ஒரு மூதாட்டியுடன் என் தாயார் மலாயில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

“பாட்டி, அவர்களும் நம்மைப்போல் தமிழர்தானே? ஏன் தமிழ் பேசவில்லை?” என்று என் மகள் கேட்டாள். அவள் ஆண்டு 5 மாணவி.

“அவங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்துச்சான்னு தெரியலையே, கண்ணு. நமக்குத் தோட்டத்துல ஒரு கொட்டகையாவது இருந்துச்சு” என்றார் என் தாயார். ஆசிரியை நான், ஆனால் அந்த விடை எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் ஜாசின் பக்கம் புறப்பட்டோம். போகும் வழியில் புக்கிட் லிந்தாங் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்ட ரப்பர் விதைகளிலிருந்து முளைத்த 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றின் வழிவந்த ரப்பரை, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ரிட்லி அவர்களின் தூண்டுதலால், 1896இல் வணிக நோக்கோடு புக்கிட் லிந்தாங்கில் நட்டவர் டான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர். பின்னர் அவரே புக்கிட் அசகானில் பெரிய அளவில் பயிரிட்டார். மலாயா முழுவதும் பரவிய ரப்பர்த் தோட்டங்களும், அவற்றுக்காகக் கப்பலேறி வந்த நம் முன்னோர்களின் வாழ்வும், நம் மாநிலத்து மண்ணிலிருந்துதான் தொடங்கின!

சாலையோரத்தில் ஒரு சிறு ரப்பர்த் தோட்டத்தைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொன்னார் என் தாயார். இறங்கி, ஒரு மரத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும். பட்டையைச் சீவ வேண்டுமே தவிர மரத்தில் காயம் படக்கூடாது. வெயில் ஏறினால் பால் வற்றிவிடும் என்பதால் விடியுமுன்னே உளியோடு நிரைக்குப் போய்விட வேண்டும். “ஏன் இடப்பக்கத்திலிருந்து வெட்ட வேண்டும்?” என்று மகன் கேட்டான். “அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க” என்றார். இரவில் அவனே தேடிப் படித்தான். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக இல்லாமல் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. அந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுக் கூடுதலாகப் பால் வடியும். பாட்டியின் கைக்குத் தெரிந்திருந்த அறிவியலை என் மகன் கைப்பேசியில் கண்டுபிடித்தான்.

தோட்டத்தை அடைந்தபோது லயங்கள் இல்லை. எங்கும் செம்பனை. மங்கு, காண்டா வாளி, ஆயாக்கொட்டகை என்று நான் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் விழித்தார்கள். ரப்பருக்கு நாள்தோறும் ஆள் வேண்டும். அதனால் தோட்டத்திற்குள்ளேயே குடும்பங்கள் இருந்தன, பள்ளி இருந்தது, கோயில் இருந்தது. செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். மரம் மாறியதும் ஆள் குறைந்தது; ஆள் குறைந்ததும் பிள்ளைகள் குறைந்தார்கள். இன்று பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் மாணவர் எண்ணிக்கைக்காகத் திண்டாடுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு முனியாண்டி கோயிலும் கிணறு ஒன்றும் மட்டும் மிஞ்சியிருந்தன. கிணற்றை வைத்து என் தாயார் இடத்தைக் கணித்தார். “இங்கதான் பெரட்டு நிப்பாங்க. இங்கதான் லாரி வந்து நின்னுச்சாம்.”

அந்த லாரியின் கதையை நான் என் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. 1943இல், என் தாயார் தொட்டில் குழந்தையாக இருந்தபோது, பெரட்டுக்குப் போன என் தாத்தாவையும் மற்ற ஆண்களையும் ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதை போடுவதற்கு ஏற்றிச் சென்றார்கள். அவர் திரும்பவில்லை. இறந்த செய்தியும் வரவில்லை. செய்தி வராததால் என் பாட்டி கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை. நாள் தெரியாததால் திதியும் கொடுத்ததில்லை. அவரது புகைப்படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது.

இங்கே நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்த முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுந்து ஊர் சொல்லச் சொன்னார்கள். நான் “மலாக்கா நகரம்” என்றேன். தோட்டத்துப் பிள்ளை என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கம்தான் இத்தனை ஆண்டுகள் என் தாயாரை இங்கே அழைத்து வராமல் தடுத்தது. வேலை, நேரமின்மை என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டவை வெறும் சாக்கு.

மூன்றாம் நாள் வடக்கே. அலோர்காஜாவில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு, மாநில எல்லையில் உள்ள புலாவ் செபாங் ரயில் நிலையத்திற்குப் போனோம். முன்பு இங்கிருந்து மலாக்கா நகருக்கு ஒரு கிளைப் பாதை இருந்தது. ஜப்பானியர்கள் அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம் பாதைக்குக் கொண்டு போனார்கள். போருக்குப்பின் அது மீண்டும் போடப்படவே இல்லை. நம் நகரத்துக்கு இன்றுவரை ரயில் இல்லாததன் காரணம் அதுதான். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம் பாதைக்காக, நம் மாநிலத்திலிருந்து மனிதர்களும் போனார்கள், தண்டவாளமும் போனது.

தாத்தாவை இந்தப் பக்கம் கொண்டுவந்துதான் ரயிலேற்றினார்கள் என்று என் பாட்டி சொல்லியிருந்தாராம். இன்று அது மின்ரயில் ஓடும் புதிய நிலையம். என் தாயார் வேலியோரமாக நின்றார்.

“கொள்ளுத்தாத்தா எந்தப் பக்கம் போனார், பாட்டி?” என்றாள் மகள்.

என் தாயார் வடக்கே கை நீட்டினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு மல்லிகைச் சரத்தை எடுத்து வேலியடியில் வைத்தார். வீட்டிலிருந்து புறப்படும்போதே அதை வைத்திருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. என் மகன் ஒன்றும் பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ரயில் ஒன்று வந்து நின்று, வடக்கு நோக்கிப் போயிற்று. அது கண்ணுக்கு மறையும்வரை என் தாயார் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, வீட்டுக்குப் போகலாம்” என்றார்.

பெற்றோர்களே, ஆசிரிய நண்பர்களே! வெளிநாட்டுப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதி இருந்தால் போய் வாருங்கள். என் மகனுக்கு இத்தாலி ஆசை இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். ரோமாபுரி ஆயிரம் ஆண்டுகள் காத்திருந்தது, இன்னும் காத்திருக்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் காத்திருக்க மாட்டார்கள். லயங்கள் ஏற்கெனவே போய்விட்டன. எந்த இடத்தில் எது இருந்தது என்று கைகாட்டுபவர்களும் போய்விட்டால், நாம் செம்பனையை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

அடுத்த விடுமுறையில் ஒரு நாளை ஒதுக்குங்கள். தாத்தா பாட்டியை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். வழியை அவர்கள் சொல்லட்டும். பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, அவர்கள் சொல்வதை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் இதையே கட்டுரைப் பயிற்சியாகவும் கொடுக்கலாம். என் வகுப்பில் இந்த வாரமே தொடங்கிவிட்டேன். ‘என் பாட்டி பிறந்த இடம்’ என்பது தலைப்பு. இருபத்து நான்கு மாணவர்களில் பதினாறு பேருக்கு விடை தெரியவில்லை. வீட்டில் கேட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.