எடுத்தலும் படுத்தலும்

ஒருவர் கூறும் வாக்கியத்தில் கேட்போன் முன்னரே அறிந்தது ஒன்றும், அவன் புதிதாக அறிய வேண்டுவது ஒன்றும் பெரும்பாலும் கலந்தே நிற்கும். இவ்விரண்டினையும் அவன் பிரித்துணராவிடின், சொற்கள் அனைத்தும் விளங்கியும் கருத்து விளங்காது போம். இப்பிரிவினை ஒவ்வொரு மொழியும் தனக்குரிய நெறியாற் காட்டுகின்றது. ஜெர்மன் மொழி அதனைக் குரலின் ஏற்றத்தாழ்வாற் காட்டும் வகையையும், நம் தமிழ் காட்டும் வகையையும் ஒப்புநோக்கி, யான் கண்ட சிலவற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எனக்கு ஜெர்மன் மொழியில் நாட்டம் உண்டாயதற்குக் காரணம் என் தமக்கையாரே. அவர் செவிலியர், ஜெர்மனி சென்று மருத்துவமனையொன்றிற் பணிபுரியும் பொருட்டு அம்மொழியைக் கற்று வருகின்றார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையினின்று மீள்வோருடைய ஊர்திகளின் ஆரவாரம் அடங்கிய பின்னர், முகப்பேரில் உள்ள எங்கள் சிறு இல்லத்தில் அவர் பாடம் தொடங்கும். புத்தகத்தைக் கையிற் கொண்டு வினாக்களை விடுப்பது என் கடமை. எழுத்துப் பிழையின்றி அவர் கூறும் விடையையும், பாடத்தின் ஒலிப்பதிவில் குரல் செல்லும் போக்கு வேறு என்று கூறித் திருப்பிச் சொல்லுமாறு அவர் ஆசிரியை பணிப்பதுண்டு. அப்போக்கு யாது என்று ஆராயத் தொடங்கினேன்.

'தம்பி மருந்தை வாங்கினான்' என்னும் பொருளுடைய ஜெர்மன் வாக்கியம் ஒன்றனைக் கொள்வோம். 'தம்பி யாது வாங்கினான்?' என்று வினவியவர்க்கு விடை கூறுங்கால், மருந்து என்னும் சொல்லிற் குரல் ஏறி வீழும். 'மருந்தை வாங்கியவர் யாவர்?' என்று வினவியவர்க்கோ, அதே சொற்கள் அதே வரிசையில் நிற்கவும், தம்பி என்னும் சொல்லிற் குரல் ஏறி வீழ்ந்து, பின்வருவன எல்லாம் தாழ்ந்த ஒலியிற் செல்லும். புதியது ஏறும், அறிந்தது தாழும். ஹெர்மன் பவுல் என்னும் ஜெர்மன் மொழிநூற் புலவர், 1880-இல் முதன்முதல் வெளிவந்து பின்னர்ப் பலமுறை திருத்தம் பெற்ற தம் நூலில், இலக்கணத்தின் எழுவாய் பயனிலை வேறு, பேசுவோன் உள்ளத்தின் எழுவாய் பயனிலை வேறு என்று பகுத்து, பின்னதனைக் காட்டுவது குரலின் அழுத்தம் என்று விளக்கினார்.

தமிழ் இதனைப் பெரிதும் சொல்லாலேயே செய்து முடிக்கின்றது. 'தம்பிதான் வாங்கினான்' என்போம். 'மருந்தை வாங்கியவன் தம்பி' என்போம். 'தம்பி வாங்கியது மருந்து' என்போம். 'தம்பியும் வாங்கினான்' எனின், பிறனொருவன் வாங்கினமை முன்னரே அறியப்பட்டது என்பதனை உம்மை ஒன்றே உணர்த்திவிடும். ஜெர்மன் மொழியிலும் நம் உம்மைக்கு நிகராய 'ஆவுஹ்' என்னும் சொல் உண்டு. ஆயினும், அது குரலேற்றம் பெறின் தனக்கு முன்னுள்ளதனையும், பெறாவிடின் தனக்குப் பின்னுள்ளதனையும் தழுவுதல் பெருவழக்கு. ஆண்டும் குரலே பொருளை வரையறுத்தல் காண்க.

ஆயின், தமிழர் குரலின் வேற்றுமையைக் கருதிலரோ எனின், அற்றன்று. தேற்றப் பொருளில் வரும் ஏகாரமும் சிறப்புப் பொருளில் வரும் ஓகாரமும் அளபெடுத்து நீண்டிசைக்கும் என்று தொல்காப்பியர் இடையியலில் விதந்து கூறியுள்ளார். வினைமுற்றாகிய ஒரு சொல்லே, படுத்தலோசையாற் கூறப்படின் வினையாலணையும் பெயராம் என்று உரையாசிரியர் எழுதுவர். 'வந்தான் போயினான்' என்புழி, 'வந்தவன் போயினான்' என்று நாம் உணருமாறு செய்வது அவ்வோசையே. வந்தமை அறிந்த செய்தியாகத் தாழ்கின்றது. போயினமை புதிய செய்தியாக மேலெழுகின்றது. எடுத்தல், படுத்தல் என்னும் இச்சொற்களைத் தேர்வின் பொருட்டு மனப்பாடம் செய்த காலத்து, அவை உயிருள்ள மனிதர் குரலைக் குறிப்பன என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இரு மொழியும் ஒன்றுபடும் இடம் ஒன்று உளது. 'நோயாளர் எல்லாரும் உறங்கவில்லை' என்று இரவுப் பணி முடித்த செவிலியர் ஒருவர் கூறுவதாகக் கொள்க. ஒருவரும் உறங்கவில்லை என்பதா? சிலர் உறங்கினர், சிலர் உறங்கவில்லை என்பதா? ஜெர்மன் வாக்கியமும் இவ்வாறே இருபொருள் படும். எல்லாரும் என்னும் சொல்லிற் குரலை உயர்த்தி, அவ்வுயர்வு குறையாமலே கொண்டுசென்று, இல்லை என்னும் சொல்லில் வீழ்த்தினால், 'உறங்கியவரும் உளர்' என்பது பெறப்படும். அவ்வெழுச்சி இல்லையேல் ஒருவரும் உறங்கவில்லை என்று கொள்ளவும் இடமாகும். நம் இலக்கணத்தாரும் முற்றும்மை எதிர்மறையொடு கூடி எச்சப் பொருள் தருதலைக் கண்டு விதி வகுத்தனர். 'அனைத்தும் கொடாதே' என்று கூறிய வழி, 'சில கொடு' என்பதும் அதனுள் அடங்கும் என்பது அவர் கருத்து. இதனைத் தமக்கையாரிடம் கூறியபோது அவர் நகைத்திலர். "மருந்தைப் பற்றி அப்படி ஒருவர் சொன்னால் நான் என்ன செய்வது, தம்பி?" என்று கேட்டார். வகுப்பறையில் வெறும் விதியாக நின்ற அவ்வும்மை, அன்று ஒருவர் உயிரைத் தாங்கும் சொல்லாக எனக்குத் தோன்றிற்று. குறித்த பொருள் ஒருவரும் என்பதாயின், தமிழில் 'எல்லாருமே' என்று ஏகாரம் கூட்டி ஐயம் நீக்கலாம். குரலையே நம்பும் அயல்மொழியிலோ செவியே துணை.

1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். 1716-இல் அவர்தம் தமிழிலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சேறிற்று. அச்சு எழுத்தைக் கடல் கடத்தும், ஓசையைக் கடத்தாது. சிறுவர் நடுவில் அமர்ந்தவர்க்கே அது கிட்டும். இன்று தமிழ்நாட்டினின்று அந்நாட்டிற்குச் செல்லும் செவிலியர்க்கும் இவ்வுண்மை பொருந்தும்.

உடன் பயிலும் நண்பர்களே! நாம் வகுப்பில் செய்யுளையும் உரையையும் ஒரே தொனியில் படித்துச் செல்கின்றோம். ஆலயத்தில் வேதபாடம் வாசிப்போருள்ளும் பலர் அவ்வாறே செய்கின்றனர். எது அறிந்தது, எது புதிது என்று தேர்ந்து வாசிப்பவனே பொருளறிந்து வாசிப்பவன். நூலாசிரியன் எழுதாது விட்ட குரலை மீண்டும் அளித்தல் படிப்போன் கடன். இடையியலைக் கண்ணால் மட்டும் கல்லாது, செவியாலும் கற்போமாக.